'ஒரே படகில் இருக்கிறோம்' என்று யார் எழுதலாம்?

கேள்வி: ஒரு நிறுவனத்தில் பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு நான் தலைவர். இந்த ஆண்டு சம்பள உயர்வு இல்லை என்று மேலிடம் சொல்லிவிட்டது. இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், அவர்கள் இடத்துக்கு ஆள் எடுக்கப்போவதும் இல்லை. குழுவுக்குத் தைரியம் சொல்லலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுதினேன். 'வீ ஆர் ஆல் இன் தி சேம் போட். லெட் அஸ் டைட்டன் அவர் பெல்ட்ஸ். ஐ எக்ஸ்பெக்ட் எவ்ரிஒன் டு புல் தேர் வெயிட்' என்று முடித்திருந்தேன். மறுநாள், எங்கள் குழுவில் அதிகம் உழைக்கும் ஒருவர் வந்து, "நான் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்கிறீர்களா?" என்று கேட்டார். மற்றவர்களும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதற்கிடையில், ஒரு வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய கோப்பு ஒரு வாரம் தாமதமாகப் போனது. கடைசிச் சரிபார்ப்பை யாரிடமும் ஒப்படைக்காமல் விட்டுவிட்டேன். விளக்க அறிக்கையில் 'தி பால் வாஸ் டிராப்ட் ஆன் அவர் சைட்' என்று எழுதினேன். "யார் தவறவிட்டது?" என்று மேலாளரிடமிருந்து ஒரு வரியில் பதில் வந்தது. கஷ்டத்தையும் பொறுப்பையும் பகிர்வது பற்றி எழுத எந்த ஆங்கிலத் தொடர்களைப் பயன்படுத்தலாம்? நான் எங்கே தவறினேன்?

பதில்: வணக்கம். உங்கள் ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. அந்தக் கவலையை முதலில் விட்டுவிடுங்கள். அலுவலகக் கடிதங்களையும் அறிக்கைகளையும் திருத்துவது என் தொழில். நெருக்கடியான நேரத்தில் படிப்பவர் மனத்தைப் புண்படுத்தும் கடிதங்களில் பெரும்பாலானவை இலக்கணம் சுத்தமாக உள்ளவைதான். சேர்ந்து கஷ்டப்படுவதைச் சொல்லும் ஆங்கிலத் தொடர்களுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. எல்லாரும் சுமக்கிறோம் என்று அவை சொல்லும், யார் எவ்வளவு சுமக்கிறார் என்று சொல்லாது. படிப்பவருக்கோ அந்த இரண்டாவது விஷயம்தான் தெரிய வேண்டும். உங்கள் இரண்டு கடிதங்களிலும் விட்டுப்போனது அதுதான்.

உங்களிடம் வந்து கேட்டவரிடமிருந்து தொடங்குகிறேன். அவர் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. 'புல் யுவர் வெயிட்' என்பது துடுப்புப் படகிலிருந்து வந்த தொடர். படகில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் குறைந்தபட்சம் தன் உடல் எடையை இழுக்கும் அளவுக்காவது துடுப்புப் போட வேண்டும், இல்லையென்றால் அவரையும் சேர்த்து மற்றவர்கள் இழுக்க வேண்டியிருக்கும். அதனால் இந்தத் தொடர் பெரும்பாலும் குறை சொல்லும் இடத்தில்தான் வரும். 'அவர் தன் பங்கைச் செய்வதில்லை' என்று ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் முறையிடும்போது ஆங்கிலம் பேசுபவர்கள் இதை எடுப்பார்கள். எல்லாரையும் பார்த்து 'உங்கள் எடையை இழுங்கள்' என்று எழுதினால், இழுக்காத யாரோ இருக்கிறார்கள் என்று ஆகிவிடுகிறது. உண்மையில் இழுக்காதவர் அந்த வரியைச் சாதாரணமாகக் கடந்துபோவார். அதிகம் இழுப்பவருக்குத்தான் அது உறைக்கும். உங்கள் குழுவிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

நீங்கள் சொல்ல நினைத்தது, "போன இருவரின் வேலையை ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வோம்" என்பது. அதை அப்படியே எளிய ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் போதும். 'பிக் அப் தி ஸ்லாக்' என்று ஒரு தொடர் இருக்கிறதே என்று தோன்றலாம். அதில் 'ஸ்லாக்' என்பது தொய்வு. அந்தத் தொய்வை ஏற்படுத்தியவர் ஒருவர் இருக்கிறார் என்ற குறிப்பு அதில் உண்டு. விலகிப்போனவர்கள் மேல் அந்த நிழல் விழ வேண்டாம் என்றால், 'கவரிங் தி வொர்க் ஆஃப் டூ கலீக்ஸ் ஹூ ஹேவ் லெஃப்ட்' என்று நேராக எழுதுங்கள். அலங்காரம் இல்லாத வரிதான். ஆனால் அதில் யாருக்கும் குத்தல் இல்லை.

'சிப் இன்' என்பதையும் இந்த இடத்தில் தவிர்த்துவிடுங்கள். கேட்க இனிமையான தொடர்தான், ஆனால் விருப்பப்பட்டுக் கொடுக்கும் சின்னப் பங்கைத்தான் குறிக்கும். ஒரு நாள் மாலை கூடுதலாக உட்கார்ந்தவரிடம் சொல்லலாம். ஆண்டு முழுக்க இன்னொருவர் வேலையையும் சேர்த்துப் பார்க்கப்போகிறவரிடம் சொன்னால் அவர் உழைப்பைச் சிறுமைப்படுத்தியது போல ஆகும். 'ஆல் ஹாண்ட்ஸ் ஆன் டெக்' கப்பலில் அபாய நேரத்தில் கொடுக்கும் கட்டளை. மாலுமிகள் எல்லாரும் மேல்தளத்துக்கு வர வேண்டும் என்று பொருள். அபாயம் தீர்ந்ததும் அவரவர் இடத்துக்குப் போய்விடலாம் என்ற உறுதி அதற்குள்ளேயே இருக்கிறது. இரண்டு நாள் அவசர வேலைக்குப் பொருந்தும். முடிவு தேதியே இல்லாத கூடுதல் வேலைக்கு அதைச் சொன்னால் அந்த உறுதியை மீறியதாகிவிடும்.

சரி, படகுக்கு வருவோம்.

'இன் தி சேம் போட்' என்றால் எல்லாரும் ஒரே இக்கட்டில் இருக்கிறோம் என்று பொருள். இது ஒரு நிலைமையைப் பற்றிய தகவல், அதனால் உண்மையா பொய்யா என்று சரிபார்க்கலாம். படிப்பவர்கள் கட்டாயம் சரிபார்ப்பார்கள். உங்களுக்கும் சம்பள உயர்வு நின்றுவிட்டதா? உங்கள் கேள்வியில் அது இல்லை. மெயிலிலும் இல்லை என்று நினைக்கிறேன். நின்றிருந்தால், 'மை இன்க்ரிமென்ட் ஹேஸ் பீன் ஸ்டாப்ட் டூ' என்ற ஒரு வரி படகு செய்யாத வேலையைச் செய்திருக்கும். நிற்கவில்லை என்றால் நீங்கள் அந்தப் படகில் இல்லை, அந்த வரியை எழுதியிருக்கவே கூடாது. அதே சம்பளம் வாங்கும் சக ஊழியர் பக்கத்து மேசையில் இருப்பவரிடம் சொன்னால் இந்தத் தொடர் ஆறுதல். மேலே இருப்பவர் கீழே இருப்பவர்களுக்கு எழுதினால், தானும் நனைகிறேன் என்று காட்டும் பொறுப்பு அவருக்கு வந்துவிடுகிறது.

பொது வாழ்க்கையிலும் இது நடந்திருக்கிறது. 2009 அக்டோபரில் பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சி மாநாட்டில் ஜார்ஜ் ஆஸ்போர்ன், அரசுச் செலவைக் குறைக்கப்போவதைப் பற்றிப் பேசும்போது 'வீ ஆர் ஆல் இன் திஸ் டுகெதர்' என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த ஆண்டு அவர் நிதியமைச்சர் ஆனார், வெட்டுகளும் வந்தன. உதவித்தொகையை இழந்தவர்களும் எதிர்க்கட்சியினரும் அதே வரியை எடுத்து, "நிஜமாகவே எல்லாரும் சேர்ந்தா?" என்று அவரிடமே பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2020-இல் பெருந்தொற்று வந்தபோது படகு உவமை உலகம் முழுவதும் புழங்கியது. அப்போது எழுந்த மறுப்பும் அதே அளவுக்குப் பரவியது: புயல் எல்லாருக்கும் ஒன்றுதான், படகுகள் வேறு வேறு. அந்த மறுப்பைப் படித்தவர்கள் உங்கள் குழுவிலும் இருக்கலாம். அவர்களிடம் பழைய வரி இனி எடுபடாது.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு கடல் வழக்கத்தை இங்கே சொல்லிவிடுகிறேன், உங்கள் விஷயத்தோடு நேரடியாகத் தொடர்பு உள்ளது. புயலில் கப்பலைக் காப்பாற்றச் சிலருடைய சரக்கைக் கடலில் வீசினால், அந்த இழப்பை அவர்கள் மட்டும் தாங்க வேண்டியதில்லை. யாருடைய சரக்கெல்லாம் தப்பித்ததோ அவர்களும், கப்பல் முதலாளியும், அவரவர் சொத்தின் மதிப்புக்கு ஏற்பப் பங்கு கொடுக்க வேண்டும். 533-இல் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டத் தொகுப்பிலேயே இந்த விதி இருக்கிறது. 'ஜெனரல் ஆவரேஜ்' என்ற பெயரில் இன்றும் நடைமுறையில் உள்ளது. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் 'எவர் கிவன்' கப்பல் சிக்கியதற்குப் பிறகும் அதன் உரிமையாளர்கள் இதைத்தான் அறிவித்தார்கள். ஒரே கப்பலில் இருப்பதற்குக் கடல் சட்டம் கொடுத்த அர்த்தம் இது: தப்பித்தவரும் பங்கு கொடுப்பார், எவ்வளவு என்பதும் கணக்கில் இருக்கும். 'சேம் போட்' என்று எழுதும் எவரும் இந்த அளவுக்குத் தயாராக இருந்தால் தாராளமாக எழுதலாம் என்பது என் கருத்து.

'டைட்டன் அவர் பெல்ட்ஸ்' பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. வயிற்றைக் கட்டுவதைப் பற்றிய தொடர் அது. தன்னைப் பற்றிச் சொல்லலாம், அடுத்தவருக்குக் கட்டளையாகக் கொடுக்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதைச் சொல்லும் 'பைட் தி புல்லட்' என்பதற்கும் இதே விதி. இவற்றையெல்லாம் விட ஒரு சின்னச் சொல்தான் உங்கள் மெயிலை அதிகம் குழப்பியது. அது 'வீ'.

தமிழில் எழுதும்போது நமக்கு 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு இருக்கின்றன. கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். படிக்காதவர்கூடப் பேச்சில் இதைத் தவறவிடமாட்டார். ஆங்கிலத்துக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான். 'சம்பள உயர்வை நிறுத்த நாங்கள் முடிவு செய்திருக்கிறோம்' என்பதும் 'வீ' என்றுதான் தொடங்கும். 'நாம் சிக்கனமாக இருக்க வேண்டும்' என்பதும் 'வீ' என்றுதான் தொடங்கும். முதல் 'வீ'க்குள் குழு இல்லை. இரண்டாவதில் குழு இருக்கிறது, முடிவு எடுத்தவர்கள் இருக்கிறார்களா என்று தெரியவில்லை. முடிவு ஒரு கூட்டத்துக்கு, கஷ்டம் இன்னொரு கூட்டத்துக்கு. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பெயர் என்றால் படிப்பவருக்குக் கோபம் வரத்தானே செய்யும்?

இதற்கு நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் 'வீ' எழுத வரும்போதெல்லாம் அந்த வாக்கியத்தை மனத்துக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 'நாங்கள்' என்று வந்தால், ஆங்கிலத்தில் 'வீ'யை எடுத்துவிட்டு 'தி மேனேஜ்மென்ட்' என்றோ, உங்கள் முடிவாக இருந்தால் 'ஐ' என்றோ எழுதுங்கள். 'நாம்' என்று வந்தால், 'ஆல் ஆஃப் அஸ், இன்க்ளூடிங் மீ' என்று ஒருமுறையாவது விரித்து எழுதுங்கள். 'இன்க்ளூடிங் மீ' எழுதக் கை தயங்கினால் அந்த வாக்கியத்தையே எடுத்துவிடுவது நல்லது.

அப்புறம் அந்தக் கோப்பு விஷயம். உங்கள் மேலாளர் கேட்டது நியாயமான கேள்வி. 'தி பால் வாஸ் டிராப்ட்' என்பதில் பந்து இருக்கிறது, விழுந்ததும் இருக்கிறது, கை மட்டும் இல்லை. ஆங்கிலத்தின் செயப்பாட்டு வினை இந்த வசதியைத் தருவதால்தான் பொறுப்பைப் பற்றி எழுதும்போது அதன் மேல் எல்லாருக்கும் சந்தேகம். அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் 1987 ஜனவரி 27 அன்று நாடாளுமன்றத்தில் பேசியபோது, ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தைப் பற்றி 'சீரியஸ் மிஸ்டேக்ஸ் வெர் மேட்' என்றார். தவறுகள் நடந்தன என்பது சரி, யார் செய்தது என்ற கேள்வி அப்படியே நின்றது. அதே ரீகன் மார்ச் 4 அன்று தொலைக்காட்சியில் பேசியபோது, என் செயல்களுக்கும் என் நிர்வாகத்தின் செயல்களுக்கும் முழுப் பொறுப்பையும் நான் ஏற்கிறேன் என்று 'ஐ' போட்டுச் சொன்னார். இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பொறுப்பை ஏற்கும் ஆங்கிலம் எப்படி இருக்கும் என்பதற்குத் தனிப்பாடம் வேண்டாம்.

'பாஸ் தி பக்' என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். போக்கர் சீட்டாட்டத்தில், அடுத்து யார் சீட்டுப் போட வேண்டும் என்பதைக் காட்ட ஒருவர் முன்னால் வைக்கும் அடையாளப் பொருளுக்கு 'பக்' என்று பெயர். சீட்டுப் போட விருப்பமில்லாதவர் அதை அடுத்தவரிடம் தள்ளிவிடலாம். அந்தத் தள்ளல் தன்னோடு நிற்கும் என்று சொல்லும் 'தி பக் ஸ்டாப்ஸ் ஹியர்' என்ற பலகையை அதிபர் ஹாரி ட்ரூமன் தன் மேசையில் வைத்திருந்தார். ஓக்லஹோமாவில் உள்ள ஒரு சீர்திருத்தச் சிறையில் செய்யப்பட்டு, 1945 அக்டோபரில் அவருக்கு வந்து சேர்ந்த பலகை அது. நல்ல வரிதான். ஆனால் அறிக்கையில் அதை எழுதாதீர்கள். முடிவு எடுக்கும் கடைசி இடத்தில் இருப்பவர் சொல்ல வேண்டிய வாசகம் அது. உங்களுக்கு மேலே ஒருவர் உட்கார்ந்து அந்த அறிக்கையைப் படிக்கிறார்.

இங்கே இன்னொரு சொல்லிலும் கவனம் தேவை. 'ரெஸ்பான்சிபிள் ஃபார்' என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. 'ரெஸ்பான்சிபிள் ஃபார் தி டெஸ்டிங்' என்றால் சோதனை வேலை அவர் பொறுப்பு. 'ரெஸ்பான்சிபிள் ஃபார் தி டிலே' என்றால் தாமதத்துக்கு அவர்தான் காரணம். தமிழில் பொறுப்பு வேறு, காரணம் வேறு என்று பெரும்பாலும் பிரித்துச் சொல்வோம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்தில் 'எ டீம் மெம்பர் வாஸ் ரெஸ்பான்சிபிள்' என்று முடித்துவிட்டால், வேலையை ஒப்படைத்த விவரத்தை எழுதியதாக நீங்கள் நினைப்பீர்கள், படிப்பவர் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வார். 'ஃபார்' என்பதற்குப் பிறகு வேலையின் பெயரை எழுதாமல் அந்தச் சொல்லைத் தனியாக விடாதீர்கள்.

உங்கள் அறிக்கைக்கு மூன்று வாக்கியம் போதும். கடைசிச் சரிபார்ப்பை நான் யாரிடமும் ஒப்படைக்கவில்லை: 'ஐ டிட் நாட் அசைன் தி ஃபைனல் செக் டு எனிஒன்.' அதனால் கோப்பு ஒரு வாரம் தாமதமாகப் போனது. இனி ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பவர் பெயரை முதல் நாளே எழுதி வைப்பேன். 'ஐ டேக் ஃபுல் ரெஸ்பான்சிபிலிட்டி' என்று தனியாகச் சேர்க்க வேண்டுமா என்று கேட்டால், முதல் வாக்கியமே அதைச் செய்துவிட்டது. என்ன செய்யத் தவறினோம் என்பதைச் சொல்லாமல் 'முழுப் பொறுப்பு' என்று மட்டும் எழுதும் அறிக்கைகள் நிறைய வருகின்றன. அவை யாருக்கும் உதவுவதில்லை.

பயன்படுத்தலாம் என்று நான் தயங்காமல் சொல்லும் ஒரு தொடரும் உண்டு, 'பேர் தி பிரன்ட்'. ஒரு தாக்குதலின் முழு வேகத்தையும் தாங்குவதைக் குறிக்கும் பழைய தொடர். இதன் சிறப்பு, அதிகம் தாங்கியவர் யார் என்று பிரித்துக் காட்டுவது. மற்றவை எல்லாரையும் ஒரே கூட்டமாக்கும்போது, இது ஒருவரைப் பெயர் சொல்லி அடையாளம் காட்ட இடம் தருகிறது. "இந்த இரண்டு மாதமும் வாடிக்கையாளர் அழைப்புகளின் பாரம் முழுவதும் இவர் மேல்தான் விழுந்தது" என்று உங்களிடம் வந்து கேட்டவரைப் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான தொடர் கிடையாது. எழுத்துக்கூட்டலில் மட்டும் கவனம்: கரடி என்று பொருள்படும் சொல்லுக்கு உள்ள எழுத்துகள்தான் இந்த 'பேர்' என்ற வினைக்கும். வெறுமை என்று பொருள்படும் 'பேர்' வேறு. பழகியவர்களே இதில் தடுக்கி விழுகிறார்கள், எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளும் பல நேரம் கண்டுகொள்ளாது.

எழுதக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'மிசரி லவ்ஸ் கம்பெனி' என்பதைச் 'சேர்ந்து கஷ்டப்பட்டால் கஷ்டம் குறையும்' என்ற பொருளில் எழுதிப் பலர் அனுப்புகிறார்கள். அது ஆறுதல் மொழி அல்ல. துன்பத்தில் இருப்பவர் அடுத்தவரும் துன்பப்படுவதை விரும்புவார் என்ற குத்தல் அதில் இருக்கிறது.

இப்போது என்ன செய்வது? கேட்டவரிடம் நேரில் பேசுங்கள், தமிழிலேயே. அந்தத் தொடருக்கு அப்படி ஒரு குறிப்பு இருப்பது தெரியாமல் எழுதிவிட்டேன் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அதற்குப் பிறகு குழுவுக்கு இரண்டாவது மெயில் எழுதலாம். அதில் உவமை எதுவும் வேண்டாம். முதல் மெயிலில் மூன்று வரிக்குள் படகு, இடுப்புப் பட்டை, துடுப்பு மூன்றும் வந்துவிட்டன. படிப்பவர் எதையும் கண்முன் கொண்டுவர முடியாத நெரிசல் அது. மேலும் உங்கள் குழுவில் எல்லாருடைய ஆங்கிலமும் ஒரே அளவில் இருக்காது. ஒருவருக்குப் பழகிய மரபுத்தொடர் இன்னொருவருக்குப் புதிராக இருக்கும், புதிரைப் பயத்தோடு இருப்பவர் மோசமான பக்கமாகத்தான் அவிழ்ப்பார்.

மெயிலில் வர வேண்டியவை: சம்பள உயர்வு யாருக்கெல்லாம் நின்றது, உங்களுக்கும் சேர்த்தா இல்லையா. போன இருவரின் எந்த வேலை யாரிடம் வருகிறது, எதுவரை. அதில் நீங்கள் எடுத்துக்கொண்டது எது. இவற்றை எழுத உட்காரும் முன் மேலாளரிடம் ஒன்று கேட்டு வாருங்கள்: மீதி இருப்பவர்களால் எல்லாவற்றையும் செய்ய முடியாது, எந்த வேலையை நிறுத்தலாம் அல்லது தள்ளிவைக்கலாம்? அதற்கு ஒரு பதில் வாங்கிய பிறகு, நிறுத்திய வேலையின் பெயரை மெயிலின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பதில் வாங்க முடியாவிட்டால், கேட்டதையும் கிடைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள், மறுபடி எந்தத் தேதியில் கேட்கப்போகிறீர்கள் என்பதோடு.